ஆறரை மணிக் கட்டம்

ஜூன் 2, திங்கள்

இன்று சாலையின் நடுவில் நிற்க வேண்டியதாயிற்று. பைபாஸிலிருந்து வண்டிகள் இறங்கி வரும் இறக்கமும் எங்கள் தெருவும் சேரும் இடத்தில் சிக்னல் வைத்து நான்கு மாதம் ஆகிறது. நடப்பவர்களுக்குப் பச்சை பதினெட்டு விநாடி. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எனக்கு முப்பத்தொரு விநாடி வேண்டும். முழங்கால் மனது வைத்தால் முப்பது.

பாதி தூரத்தில் சிவப்பு விழுந்துவிட்டது. நடுவில் ஒன்றரை அடி அகலக் கல்தான் இருக்கிறது. அதன்மேல் கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றேன். மோட்டார் சைக்கிளில் போன ஒருவன் ஒரு சொல் சொன்னான். எழுபத்தாறு வயதில் அந்தச் சொல் தகவல் பிழை அல்ல. சொன்ன விதம்தான் பிழை.

ரத்த அழுத்த மாத்திரை வாங்கவில்லை. அடுத்த பச்சையில் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

குரு புனேயிலிருந்து பேசினான். மாத்திரை விஷயம் பவுனு மூலமாகப் போயிருக்கிறது. வீட்டு வேலைக்கு வருகிறவளிடம் என் மகனின் எண் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

“மருந்துக் கடைக்குக்கூடப் போக முடியலன்னா தனியா எப்படிம்மா? இங்க கீழ் வீடு. படியே கிடையாது. டிசம்பர்ல வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“சிக்னலைச் சரிசெய்தால் போதும், என்னைச் சரிசெய்ய வேண்டாம்” என்றேன்.

சிரித்தான். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஜூன் 9, திங்கள்

சிக்னல் பிரிவுக்குக் கடிதம் அனுப்பினேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். புகாரில் உரிச்சொல் கூடாது, எண்கள் மட்டும் போதும் என்பது எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் ஃபிலோமின் வைத்த விதி. அதன்படி எழுதினேன். கையொப்பம்: திருமதி மனோன்மணி ஏகாம்பரம், ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்ச்.

ஜூன் 17, செவ்வாய்

பதில் வரவே வராது என்றாள் பவுனு. பதில் வரவில்லைதான். ஆளே வந்தது.

பெயர் உமையாள். உதவிப் பொறியாளர். நாற்பது வயதிருக்கும். மூன்று மாடி ஏறி வந்தும் மூச்சு வாங்கவில்லை. வாசலிலேயே ஷூவைக் கழற்றினாள். என் கடிதத்தின் நகலைக் கையில் வைத்திருந்தாள்.

“சர்வீஸ்ல இப்படி ஒரு லெட்டர் பார்த்ததில்ல மேடம். ஒரு வார்த்தை திட்டல. ஆனா படிச்சு முடிச்சா திட்டு வாங்கின மாதிரியே இருக்கு.”

பால்கனிக்கு அழைத்துப் போனேன். இறக்கம் மேலிருந்து கீழ்வரை அங்கிருந்து முழுதாகத் தெரியும்.

“அந்த இறக்கத்துல முப்பத்தஞ்சு வண்டி நிக்க இடம் இருக்கு” என்றாள். “முப்பத்தாறாவது வண்டி எங்க நிக்கும் சொல்லுங்க?”

“பைபாஸில்.”

“அதான் பயம். மேல எண்பது தொண்ணூறுல வர்றவங்க, நடுரோட்டுல ஒரு வண்டி நிக்கும்னு நினைக்கவே மாட்டாங்க. வரிசையோட வால் மேல போகக் கூடாதுன்னுதான் இறக்கத்துக்கு அம்பத்தஞ்சு செகண்ட் குடுத்து, உங்களுக்குப் பதினெட்டு வெச்சேன்.”

“எனக்குப் பதினான்கு விநாடி கூடுதலாகக் கொடுத்தால் இறக்கத்துக்கு நாற்பத்தொன்று. அது போதுமா, போதாதா?”

“அது தெரிஞ்சா இன்னிக்கே மாத்திடுவேன். இறக்கத்து நடுவுல ரோட்டுக்குள்ள ஒரு சென்சார் பதிச்சாப் போதும். வரிசை அதுவரைக்கும் வந்தா சிக்னலே பச்சைய நீட்டிக்கும், இல்லாதப்ப உங்களுக்கு விட்டுக்குடுக்கும். மூணு தடவ எழுதிட்டேன். சாங்ஷன் வரல. காலைல எவ்ளோ நிக்குதுன்னு எண்ணிட்டோம், பிரச்சினை இல்ல. சாயங்காலம் எண்ண ஆள் இல்ல மேடம். நாப்பத்தி மூணு சிக்னல், ரெண்டே ஆளு.”

“நான் எண்ணுகிறேன்” என்றேன்.

தயங்கினாள். முப்பத்தொரு வருடம் எக்ஸ்சேஞ்சில் அரை மணிக்கு ஒரு முறை அழைப்புகளை எண்ணி ரிஜிஸ்டரில் ஏற்றியவள் நான் என்று சொன்னேன். பையிலிருந்து கட்டம் போட்ட தாள்களை எடுத்துக் கொடுத்தாள். மாலை நான்கு முதல் எட்டு வரை. ஒவ்வொரு அரை மணியிலும் அதிகபட்சம் எத்தனை வண்டி நின்றது என்று எழுத வேண்டும். சனி, ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள். மொத்தம் எண்பது கட்டம்.

ஜூன் 23, திங்கள்

முதல் நாள். நாற்காலி, தண்ணீர், பென்சில் இரண்டு.

4.00: 11. 4.30: 12. 5.00: 14. 5.30: 17. 6.00: 18. 6.30: கண்ணுக்கு ஓய்வு. 7.00: 20. 7.30: 15.

பவுனு நாளை முதல் மாலையில் ஆறு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தவறுகிறது.

ஜூன் 25, புதன்

காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பவுனு கேட்டாள்:

“நேத்து அந்த சீரியல்ல கண்ணாலம் நின்னுபூடுச்சே, பாத்தீங்களாம்மா?”

“நான் அதெல்லாம் பார்ப்பதில்லை. டிவி அவர் கிரிக்கெட்டுக்காக வாங்கியது. அவர் போன பிறகு ஆறு வருடமாகச் சும்மா கிடக்கிறது.”

“அந்த மாமியாக்காரி போலீஸுக்குப் போனது நாயமாம்மா?”

“அவள் எங்கே போனாள், அவள் தம்பியல்லவா போனான்” என்றேன்.

பவுனு குக்கர் மூடியை ரொம்ப நேரம் தேய்த்தாள். இந்தக் கட்டடத்தின் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டுச் சத்தமெல்லாம் காதில் விழத்தான் செய்கிறது.

ஜூன் 30, திங்கள்

மழை. 5.30-க்கு 22. இரண்டாவது பென்சில் முடிந்தது.

ஜூலை 4, வெள்ளி

முடிந்தது. எழுபது கட்டங்கள் எண்ணியவை. மீதி பத்தையும் முன்னும் பின்னும் உள்ள எண்களை வைத்துக் கணக்கிட்டு நிரப்பினேன். ஆறு மணிக்குப் பத்தொன்பது, ஏழு மணிக்கு இருபத்தொன்று என்றால் நடுவில் இருபதுதான் வரும். இதில் கற்பனைக்கு இடமே இல்லை.

மையில் புதிதாகப் படி எடுத்தேன். எண்பது கட்டமும் நிறைந்த தாளைப் பார்க்க நிறைவாக இருந்தது. இந்தக் காலத்தில் யார் இப்படி ஒரு அட்டவணை கொடுக்கிறார்கள்?

ஜூலை 9, புதன்

உமையாள் வந்தாள். என் தாளைச் சோதிப்பதற்காக நேற்று சாலையோரம் நின்று அவளே எண்ணினாளாம்.

“அஞ்சரைக்கு நான் பதினேழு, நீங்க பதினேழு. ஏழுக்கு நான் இருபத்தொண்ணு, நீங்க இருபது. எங்க ஆளுங்ககூட இப்படி எண்ணித் தர மாட்டாங்க மேடம். ஆறரைக்கு மட்டும் நிக்க முடியல, ஆபீஸ்லேர்ந்து பெரியவர் போன்ல கூப்பிட்டுட்டாரு. பரவால்ல, அதுக்குத்தான் உங்களது இருக்கே.”

அந்த இடத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். காப்பி ஆறிவிடும் என்று சொன்னேன்.

இரண்டாவது தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தாள். பாத்திரத்தைக் கழுவி வைக்கக்கூடப் போனாள். நல்ல வளர்ப்பு.

ஜூலை 21, திங்கள்

இன்று முதல் முப்பத்திரண்டு விநாடி!

மருந்துக் கடை, வங்கி, காய்கறி எல்லாம் ஒரே நடையில் முடித்தேன். எதிர்ப்பக்கம் கால் வைத்தபோது ஒரு விநாடி மீதி இருந்தது. கடைக்காரர், “எங்கம்மா ரொம்ப நாளா காணோம்? புள்ளகிட்ட போயிட்டீங்கன்னு நெனச்சேன்” என்றார்.

குருவிடம் சொன்னேன். “டிசம்பர் டிக்கெட் போடட்டுமா வேணாமா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவன் குரலில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது. அதைக் கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

ஜூலை 29, செவ்வாய்

தண்ணீர் கேன் போடும் தேசிங்கு ஏழு இருபதுக்கு வந்தான். ஆறு நாற்பதுக்கு வர வேண்டியவன். ஏன் தாமதம் என்றேன்.

“மேலயே மாட்டிகினேம்மா. வரிச பைபாஸ் வரைக்கும் நிக்குது. நம்ம வண்டிதான் கடைசி. கண்ணாடியப் பாத்துகினே நிக்கிறேன், பின்னாடி லாரிங்க சும்மா பறந்து வருது. எவனாவது பிரேக்க உட்டான்னா அவ்ளோதான்.”

“எண்ணிப் பார்த்தவள் நான். இருபத்திரண்டு வண்டிக்கு மேல் அங்கே நிற்காது.”

“எப்பம்மா எண்ணினீங்க? ஆறே முக்காலுக்கு ஒரு வாட்டி எட்டிப் பாருங்க. உங்க பால்கனிதானே.”

“அந்த நேரத்தில் எனக்கு வேலை இருக்கிறது.”

“இன்னா வேலையோ போங்க” என்று சிரித்தான். கேனைத் துடைக்காமல் கால்மிதி மேல் வைத்தான். துடைக்கச் சொன்னேன். “டீச்சரம்மா” என்று முணுமுணுத்துக்கொண்டே துடைத்தான். நான் ஆசிரியை அல்ல என்று எத்தனை முறை சொல்வது?

தாமதமாக வருகிறவர்கள் எல்லோரும் சாலையைத்தான் குறை சொல்வார்கள்.

ஜூலை 30, புதன்

ஆறே முக்காலுக்குப் பார்க்கலாம் என்றிருந்தேன். பக்கத்து வீட்டு டிவியில் கோர்ட்டில் தீர்ப்பு. சத்தம் அதிகம். தலைவலி.

ஆகஸ்ட் 6, புதன்

சத்தம் ஆறு நாற்பத்திரண்டுக்குக் கேட்டது. நான் உள்ளே இருந்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பவுனு உள்ளே வந்ததும் துடைப்பத்தை எடுக்கவில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“தண்ணி கேனு தேசிங்கும்மா. வரிச வால்ல நின்னுகினு இருந்திருக்கான். பின்னால செங்கல் லாரி. வண்டி அப்பளமாப் பூடுச்சு. வலது காலு முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்களாம். ரெண்டு பொட்டப் புள்ளைங்கம்மா அவனுக்கு.”

காப்பி போட்டுக் கொடுத்தேன். அவளுக்கென வைத்திருக்கும் தம்ளரில் ஊற்றாமல் என் தம்ளரில் ஊற்றியிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

மாலை ஆறரைக்குப் பால்கனியில் உட்கார்ந்தேன். ஆறு முப்பத்தைந்துக்கு, பைபாஸ் ஓரத்துக் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்த பேருந்துகள் வரத் தொடங்கின. ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொன்று. நாற்பத்தொன்று வரை எண்ணினேன். முப்பத்தைந்தாவது வண்டிக்கு மேல் வரிசை பைபாஸுக்கு ஏறிவிட்டது. ஏழு மணிக்கு இருபதாகக் குறைந்தது. யாரோ துடைத்து எடுத்த மாதிரி குறைந்தது.

கீழே சாலையோரம் உமையாள் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் மேலே பார்க்கவில்லை. நான் நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பழையபடி பதினெட்டு விநாடி.

ஆகஸ்ட் 13, புதன்

உமையாள் வந்தாள். முகம் கறுத்திருந்தது. விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார்களாம். சரியான கணக்கு இல்லாமல் நேரத்தை மாற்றினாள் என்று குற்றச்சாட்டு. செவ்வாய்க்கிழமை விசாரணை. வேலையே போகலாம் என்று அவளுடைய பிரிவில் பேசிக்கொள்கிறார்கள்.

“நீங்க வந்து, நான்தான் பத்து நாள் உக்காந்து எண்ணினேன்னு சொன்னாப் போதும் மேடம். கணக்கில்லாம செய்யலன்னு ஆயிடும். உங்களப் பார்த்தா யாருக்கும் சந்தேகம் வராது.”

வருகிறேன் என்றேன்.

“ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல” என்றாள். “ஆறரைக்கு நீங்க இருபதுன்னு போட்டிருக்கீங்க. பத்து நாளும் இருபது, பத்தொம்பது, இருபத்தொண்ணு. ஆக்ஸிடென்ட்டுக்கு மறுநாள் நான் எண்ணினேன், நாப்பத்தி மூணு. பச்சைய குறைச்சதால கொஞ்சம் ஏறும், ஆனா இவ்வளவு ஏறாது. அந்தக் கம்பெனி ஷிஃப்ட் ஏதாச்சும் ஜூலைல மாறியிருக்குமா?”

“இருக்கலாம்” என்றேன்.

“அப்படித்தான் இருக்கணும்” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கலாம்” என்பது பொய் அல்ல. அதில் உறுதி எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

பவுனுவிடம் சாதாரணமாகக் கேட்டேன். அவள் மருமகள் அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்கிறாள்.

“ஷிஃப்டா? அஞ்சு வருசமா ஆறேகாலுக்குத்தாம்மா உடுறான். மாத்தினதே இல்ல. ஏம்மா?”

சும்மா கேட்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 16, சனி

மருத்துவமனைக்குப் போனேன். ஆரஞ்சும் ரொட்டியும் எடுத்துக்கொண்டேன். ஆண்கள் வார்டில் பதினேழாம் கட்டில். என்னைப் பார்த்ததும் தேசிங்கு எழுந்து உட்கார முயன்றான்.

“வாணாம்மா, நீங்க ஏன் இவ்ளோ தூரம்? கன்னியம்மா, அம்மாவுக்கு ஸ்டூல் எடு.”

அவன் மனைவி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். போர்வை ஓரிடத்தில் தட்டையாக விழுந்திருந்தது. நான் அவன் முகத்தையே பார்த்துப் பேசினேன்.

“லாரிக்காரன் மேலயும் தப்பு சொல்ல முடியாதும்மா. நடுரோட்டுல வண்டி நிக்கும்னு அவனுக்கு ஜோசியமா தெரியும்? எல்லாம் நேரம்.”

“உங்க ஊட்டுக்குத்தாம்மா மொதல்ல போடுவாரு” என்றாள் கன்னியம்மா. “லேட்டானா டீச்சரம்மா கத்தும்னு சொல்லிகினே அடிச்சுப் புடிச்சு வருவாரு.” குறையாகச் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் சொன்னாள்.

ஆரஞ்சை உரித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு எழுந்தேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. என்ன சொல்ல வந்தேன் என்று இங்கேயும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

மதியம் இரண்டு மணி.

1981-ல் வேதவல்லி என்ற ஆபரேட்டருக்கு நான் மெமோ கொடுத்தேன். தீபாவளிக்கு முந்தின நாள் அரை மணி நேரம் அழைப்புகளை எண்ண மறந்துவிட்டாள். முன்பின் எண்களின் சராசரியை ரிஜிஸ்டரில் ஏற்றினாள். “ஒரு அரை மணிதானே மேடம்” என்று அழுதாள். எண்ணாததை எண்ணினதாகக் காட்டுவது திருட்டு என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவள் சம்பள உயர்வு ஒரு வருடம் நின்றது.

இப்போது எழுதுகிறேன். ஜூன் 23 முதல் ஜூலை 4 வரை, மாலை ஆறரை முதல் ஏழு வரை, ஒரு நாள்கூட நான் பால்கனியில் இல்லை. டிவி பார்த்தேன். அந்தத் தொடரை மூன்று வருடமாக, ஒரு நாள் விடாமல் பார்க்கிறேன். பவுனு தெரிந்துகொள்ளக் கூடாது என்று ஒலியைக் குறைத்து, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறேன். பக்கத்து வீடு எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது.

இந்த ஏழு வரியை எழுத ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விசாரணை அறையில் ஐந்து பேர். நடுவில் மேற்பார்வைப் பொறியாளர். சந்தனப்பொட்டு, நிதானமான மனிதர். பக்கத்தில் இரண்டு அதிகாரிகள். ஓரமாகக் கணினியில் தட்டெழுத ஓர் எழுத்தர். சுவரோரம் உமையாள். இன்று அவள் புடவை கட்டியிருந்தாள்.

“சிரமப்படாதீங்கம்மா, உக்காந்தே பேசலாம்” என்றார் பெரியவர். “இந்த அட்டவணை நீங்க எழுதினதா?”

“ஆமாம்.”

“பத்து நாளும் நீங்களேதான் எண்ணினீங்களா?”

உமையாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிர்பார்த்தது “ஆமாம்” என்ற ஒரு சொல்.

“எழுபது கட்டங்களை எண்ணினேன். ஆறரை மணிக் கட்டம் பத்தையும் எண்ணவில்லை. ஊகித்து எழுதினேன். அதை உமையாளிடம் சொல்லவும் இல்லை.”

தட்டெழுத்துச் சத்தம் நின்றது.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். “உடம்பு முடியலயாம்மா அப்போ? வயசாயிடுச்சு, அந்த நேரத்துல மயக்கம், சர்க்கரை… அப்படி ஏதாவது?”

எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்தார். நல்ல மனிதர். அதன் வழியாகப் போயிருந்தால் யாரும் என்னைத் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள். அனுதாபம்கூடக் கிடைத்திருக்கும்.

“உடம்புக்கு ஒன்றுமில்லை. டிவியில் சீரியல் பார்த்தேன்.”

எழுத்தரின் வாயிலிருந்து “எந்த சீரியல் மேடம்?” என்று தானாக வந்துவிட்டது. பக்கத்து அதிகாரி குனிந்து இருமினார். அது இருமல் இல்லை.

பெயரைச் சொன்னேன்.

“எங்க வீட்டுலயும் அதான்” என்றார் எழுத்தர், யாரும் கேட்காமலே.

“விசாரணைக்கு இது வேணாம்மா” என்றார் பெரியவர். “சில மணி நேரங்கள் எண்ணப்படலன்னு போட்டுக்கறோம்.”

“அப்படிப் போடக் கூடாது. யார் எண்ணவில்லை, ஏன் எண்ணவில்லை என்று இருக்க வேண்டும். அவர் மற்ற நேரங்களில் வந்து சோதித்தார், என் எண்கள் சரியாக இருந்தன. அதனால்தான் இதையும் நம்பினார். இதையும் எழுதுங்கள். அச்செடுத்துக் கொடுங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.”

மூன்று பிழை இருந்தது. திருத்தச் சொன்னேன். திருத்தினதும் கையெழுத்திட்டேன்.

தாழ்வாரத்தில் உமையாள் வந்தாள். நன்றி சொல்வாள் என்று மனதில் ஒரு மூலையில் நினைத்திருந்தேன். அப்படி நினைத்தது எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது.

“அந்தக் கட்டத்தக் காலியா விட்டிருக்கலாமே” என்றாள். குரல் உயரவில்லை. “பத்துக் கட்டம் காலியா இருந்திருந்தா, லீவ் போட்டாவது நான் வந்து எண்ணியிருப்பேனே. போன புதன்கிழமை உங்க வீட்டுக்கே வந்து கேட்டேன். இருக்கலாம்னு சொன்னீங்க. நான் உங்க கையப் புடிச்சுக்கிட்டேன்.”

“தவறுதான்” என்றேன்.

“அந்த ஆளோட கால்ல பாதி உங்களுது, பாதி என்னுது. மேலேர்ந்து கூப்பிட்டாங்கன்னு அன்னிக்கு ஆறரைக்கு நானும்தானே போயிட்டேன்.” புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். “ஆட்டோ புடிச்சுத் தரவாம்மா?”

முதல் முறையாக மேடம் என்று சொல்லவில்லை. நானே போய்க்கொள்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

பவுனு எல்லாம் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை.

“சவுண்ட கொறச்சு வெச்சா கண்ணுக்குத் தெரியாதாம்மா? ரிமோட்ட நாந்தானே தெனம் தொடச்சு வெக்கிறேன்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “சொல்லியிருந்தா நானே எண்ணியிருப்பேன். எனக்கு நூறு வரைக்கும் வரும்” என்றாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

உமையாளுக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கை மட்டும். ஆனால் சிக்னல் பிரிவிலிருந்து மாற்றிவிட்டார்கள், மழைநீர் வடிகாலுக்கு. இறக்கத்தில் சென்சார் பதிக்க அனுமதி வந்திருக்கிறது. நான்காவது முறையாக அவள் எழுதிய கடிதத்துக்கு. அதுவரை மாலை நான்கு முதல் எட்டு வரை பதினெட்டு விநாடிதான். மற்ற நேரங்களில் முப்பத்திரண்டு.

இதெல்லாம் அவள் இடத்துக்கு வந்திருக்கும் புதியவர் தொலைபேசியில் சொன்னது. அவள் பேசவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

தேசிங்கு வீடு திரும்பிவிட்டான். பவுனுவை வழிகாட்டச் சொல்லிப் போனேன். ஒற்றை அறை, ஓட்டு வீடு. அவனைக் கட்டிலில் உட்கார்த்தியிருந்தார்கள். காலி கேன்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. தம்பி வண்டி ஓட்டுகிறானாம், இன்னொருவரின் வண்டி, வாடகைக்கு.

கன்னியம்மா டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். டீ வருமுன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். குடித்துவிட்டுச் சொல்வது நியாயமாகாது.

சொன்னேன். நான் கேட்டதால் பொறியாளர் நேரத்தை மாற்றினார், நான் எண்ணாமல் எழுதினேன், நீ வந்து எச்சரித்தபோதும் பார்க்கவில்லை, பார்க்காததற்குக் காரணம் இது, விசாரணையில் போய் ஒப்புக்கொண்டேன். எதையும் விடவில்லை.

கன்னியம்மா தம்ளரைத் தரையில் வைத்தாள். என் பக்கம் வைக்கவில்லை.

தேசிங்கு காலி கேன்களைப் பார்த்தான். பிறகு, “அந்த இஞ்சினீரம்மாவுக்கு வேல பூடுச்சா?” என்றான்.

“இல்லை. வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.”

“நீங்க போய் சொல்லலன்னா?”

“போயிருக்கும்.”

“ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஆரஞ்சு கொண்டாந்தீங்க” என்றான்.

“ஆமாம்” என்றேன்.

“போங்கம்மா இப்போ” என்றான். “எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. திட்டறதா, உடறதான்னே தெரியல. நா யோசிச்சுச் சொல்றேன்.”

“எப்போது?” என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

“எனக்குத் தெரியும்போது” என்றான்.

வாசலில் நின்றிருந்த பவுனு என் கையைப் பிடித்தாள். விடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

தேசிங்கின் தம்பி கேன் கொண்டு வந்தான். ஏழு மணி பத்து நிமிடம். ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. அண்ணன் ஏதாவது சொல்லச் சொன்னானா என்று கேட்டேன்.

“இல்லியேம்மா.”

கேனைத் துடைத்துவிட்டு வைத்தான். துடைக்க வேண்டாம் என்றேன்.

எட்டு மணிக்குக் குரு பேசினான். விசாரணை பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோபப்படவில்லை. மிக மெதுவாகப் பேசினான். நோயாளியிடம் பேசுவது போல.

“போதும்மா. அங்க யாரையும் பார்க்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். இந்த வாரமே வந்துடுங்க. நான் வரேன்.”

இரண்டு மாதத்துக்கு முன் இதைக் கேட்டிருந்தால் என்னால் எதெல்லாம் முடியும் என்று பட்டியல் போட்டிருப்பேன். இன்று போடவில்லை. மாலையில் சாலையைக் கடக்க முடியவில்லை, காலையில்தான் போகிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். படி ஏற இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னேன்.

“அப்புறம் என்னம்மா?”

“இப்போது வர முடியாது, குரு. ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியாது. அவர் சொல்லும்போது நான் இங்கே இருக்க வேண்டும்.”

“என்ன சொல்லப் போறாரு?”

“தெரியாது” என்றேன்.